ஒரே நடை, வேறு நோய்: மூளைப்படங்கள் பிரித்தறியக் கற்ற வரலாறு

கை ஓய்ந்திருக்கும்போது விரல்கள் தாமாக நடுங்குவதும், உடல் விறைத்து முன்புறம் குனிவதும், காலடி குறுகி நடை தளர்வதும், முகத்தில் உணர்ச்சியின் சாயல் மங்குவதும் ஒருங்கே காணப்படும் நிலையை மருத்துவ நூல்கள் பார்க்கின்சோனியம் என்ற பொதுப்பெயரால் குறிக்கின்றன. பல நோய்கள் தத்தம் வழியில் வந்து சேரும் ஒரு பொதுத் தோற்றத்துக்கு இட்ட பெயர் அது. நடுக்குவாதம் என்று தமிழில் வழங்கும் பார்க்கின்சன் நோய் அவற்றுள் மிகப் பரவலானது. ஆயினும் அதே குனிந்த உடலோடும் குறுகிய காலடியோடும் மருத்துவரிடம் வருபவரின் மூளையில் நேர்ந்திருப்பது முற்றிலும் வேறொரு சிதைவாக இருக்கலாம். மூளைக்குள் நீர் தேங்கியிருக்கலாம், சிறு இரத்தக்குழாய்கள் அடைபட்டிருக்கலாம், செம்பு படிந்திருக்கலாம். இவற்றுள் எது என்பதை உறுதியாகச் சொல்வதற்கு மருத்துவத்திடம் நெடுங்காலம் இருந்த ஒரே வழி, நோயாளி இறந்தபின் மூளையை அறுத்துப் பார்ப்பதே. கூறாய்வு மேசையில் கிடைத்துவந்த அந்தத் தீர்ப்பை நோயாளிக்குப் பயன்படும் காலத்துக்குள் முன்னிழுத்துக் கொண்டுவர நடந்த முயற்சிகளின் தொடர்ச்சியாகவே இத்துறையில் மூளைப்படங்களின் வரலாற்றைப் படிக்க வேண்டும். ஒவ்வொரு புதிய படமும் ஒரேயொரு கேள்விக்கு மட்டும் விடையளித்தது என்பதும், மற்ற கேள்விகளுக்கும் அதையே விடையாகக் கொண்டவர்கள் தவறினார்கள் என்பதும் இவ்வரலாறு நெடுகத் தெரிகின்றன.

1817இல் லண்டனின் ஹாக்ஸ்டன் பகுதியில் மருத்துவம் பார்த்துவந்த ஜேம்ஸ் பார்க்கின்சன் நடுங்கும் வாதம் குறித்து வெளியிட்ட சிறுநூல் ஆறு பேரை அடிப்படையாகக் கொண்டது. அவர்களுள் சிலரை அவர் தெருவில் கண்டு விசாரித்து அறிந்தார். ஒருவரைத் தொலைவிலிருந்து பார்த்ததோடு சரி. ஒரு மூளையைக்கூட அறுத்துப் பார்க்கும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை; அந்தக் குறையை நூலின் முன்னுரையிலேயே ஒப்புக்கொண்டு, கோளாறு கழுத்துப் பகுதியின் தண்டுவடத்தில் இருக்கலாம் என்று ஊகித்தார். அரை நூற்றாண்டுக்குப் பின் பாரிஸின் சால்பெத்ரியேர் மருத்துவமனையில் ழான் மார்ட்டின் ஷார்க்கோ செய்ததுதான் இத்துறையின் முதல் பிரித்தறிதல். நரம்புறை சிதையும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயாளிகளும் அவரிடம் நடுங்கிக்கொண்டே வந்தார்கள். ஆனால் அவர்களின் கை ஒரு பொருளை எடுக்க நீளும்போது நடுங்கியது, பார்க்கின்சன் விவரித்தவர்களின் கையோ மடியில் சும்மா கிடக்கையில் நடுங்கியது. நாடித்துடிப்பைக் காகிதத்தில் வரைவதற்கென அமைந்த கருவியை நோயாளியின் மணிக்கட்டில் பொருத்தி நடுக்கத்தை அலைகோடாகப் பதிவுசெய்தும், தலையில் நீண்ட இறகைச் செருகி அதன் அசைவால் தலையின் நடுக்கத்தை மாணவர்களுக்குக் காட்டியும் அவர் அந்த வேறுபாட்டை நிலைநாட்டினார். எல்லோரும் நடுங்குவதுமில்லை, எவருக்கும் உண்மையான வாதமும் இல்லை என்று கண்டு, ‘நடுங்கும் வாதம்’ என்ற பெயரைக் கைவிட்டு, கண்டெழுதியவரின் பெயரையே நோய்க்கு இட்டவரும் அவரே. அந்த மருத்துவமனையில் எடுத்த நிழற்படங்களும், அவருடைய மாணவரான போல் ரிஷே வரைந்த கோட்டோவியங்களும் நோயின் புறத்தோற்றத்தை வியக்கத்தக்க நுட்பத்துடன் காட்டுகின்றன. ஆனால் அவை யாவும் தோலுக்கு வெளியே நின்றுவிட்ட படங்கள்.

உள்ளே இருப்பதைக் கத்தியும் நுண்ணோக்கியும் மெல்லமெல்லக் காட்டின. நடுமூளையைக் குறுக்காக அறுத்தால் இருபுறமும் கரிக்கோடு போல ஒரு பட்டை வெறுங்கண்ணுக்கே தெரியும். கரும்பொருள் என்று பொருள்படும் சப்ஸ்டான்ஷியா நைக்ரா என்ற லத்தீன் பெயர் அதற்கு உண்டு. உடலின் ஒரு பக்கம் மட்டும் பார்க்கின்சன் அறிகுறிகளோடு இருந்த ஒருவரின் மூளையில், எதிர்ப்பக்கக் கரும்பட்டையைக் காசநோய்க் கட்டி ஒன்று அழித்திருந்ததை 1893இல் பிளாக், மரினெஸ்கோ ஆகிய இருவரும் பாரிஸில் வெளியிட்டனர். 1912இல் ஃபிரெட்ரிக் லெவி இந்நோயாளிகளின் நரம்புச் செல்களுக்குள் உருண்டையான படிவுகளைக் கண்டார், எனினும் அவர் அவற்றைக் கண்டது மூளையின் வேறு பகுதிகளில். 1919இல் கான்ஸ்டன்டின் ட்ரெட்டியாகோஃப் தம் ஆய்வேட்டில் கரும்பட்டையே வெளிறி அழிந்திருப்பதையும் அங்கும் அதே உருண்டைகள் இருப்பதையும் காட்டி, அவற்றை லெவியின் பெயரால் அழைத்தார். கரும்பட்டையின் அழிவும் லெவி உருண்டையும் சேர்ந்திருப்பதே பார்க்கின்சன் நோயின் அடையாளம் என்று பிற்காலத்தில் வகுத்த இலக்கணத்துக்கு இங்கேதான் வித்து விழுந்தது.

அந்த இலக்கணத்தோடு ஒத்துப்பார்த்தபோதுதான் பொருந்தாதவர்கள் புலப்பட்டார்கள். 1964இல் டொரண்டோவின் ஸ்டீல், ரிச்சர்ட்சன், ஒல்ஷெவ்ஸ்கி மூவரும் ஒன்பது நோயாளிகளைப் பற்றி எழுதினர். அவர்களால் கண்களை மேலும் கீழும் செலுத்த முடியவில்லை, கழுத்து விறைத்திருந்தது, நோய் தொடங்கிய சிறிது காலத்திலேயே பின்புறமாக விழுந்தார்கள். ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளால் இன்று பி.எஸ்.பி. என்று வழங்கும் இந்நோயில் நடுமூளையே சுருங்கிப்போகிறது. இன்னொரு கூட்டத்தாருக்கு எழுந்து நின்றவுடன் இரத்த அழுத்தம் சரிந்தது, சிறுநீர் கட்டுப்படவில்லை, சிலருக்குச் சிறுமூளை கெட்டு நடை தள்ளாடியது; தனித்தனி நோய்களாக மூன்று பெயர்களில் கிடந்த இவை ஒரே நோயின் முகங்கள் என்று 1969இல் கிரகாமும் ஓப்பன்ஹைமரும் காட்டினர். மூளையின் பல அமைப்புகள் ஒருங்கே நலிவதால் அதற்குக் கிடைத்த பெயர் எம்.எஸ்.ஏ. என்று சுருக்கப்படுகிறது. ஒரு கை மட்டும் விறைத்து, நோயாளிக்கே அந்நியமானது போல இயங்கும் கார்ட்டிகோபேசல் சிதைவும் அதே பத்தாண்டில்தான் விவரிக்கப்பட்டது. இப்படிப் பெயர்கள் பெருகப் பெருக மருத்துவரின் இக்கட்டும் பெருகியது. ஏனெனில் தொடக்க ஆண்டுகளில் இவை யாவும் ஒன்றுபோலவே தோன்றின.

உயிருள்ள மூளையைப் படமெடுக்கும் முதல் வழி கொடுமையானது. எக்ஸ் கதிர்களுக்கு எலும்புதான் தெரியும், மூளை தெரியாது. ஆகவே 1918, 1919ஆம் ஆண்டுகளில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் வால்ட்டர் டாண்டி மூளையறைகளில் உள்ள நீரை வடித்துவிட்டுக் காற்றைச் செலுத்திப் படமெடுத்தார். கடும் தலைவலியும் வாந்தியும் அதன் விலை. கிடைத்ததோ மூளையின் படம்கூட அன்று, மூளைக்குள் இருக்கும் வெற்றிடத்தின் நிழல் மட்டுமே. இருந்தும் அந்த நிழல் ஒரு பெரிய காரியத்துக்கு உதவியது: 1965இல் சலோமோன் ஹாக்கிமும் ரேமண்ட் ஆடம்ஸும், தரையில் ஒட்டியது போன்ற நடையும் மறதியும் சிறுநீர்க் கட்டுப்பாடின்மையும் கொண்ட சிலருக்கு மூளையறைகள் பெருத்திருப்பதையும், தேங்கிய நீரைக் குழாய் வைத்து வடித்தால் அவர்கள் மீண்டும் நடப்பதையும் எழுதினர். 1971 அக்டோபரில் லண்டனின் அட்கின்சன் மார்லி மருத்துவமனையில் காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டின் சி.டி. கருவி முதல் நோயாளியைப் படமெடுத்தபோது காற்றுச் செலுத்தும் வதை முடிவுக்கு வரத் தொடங்கியது. நீர்த்தேக்கம், கட்டி, பழைய இரத்தக்கசிவு ஆகியவற்றை விலக்குவதற்கு அது போதும். கரும்பட்டை போன்ற நுண்ணிய பகுதியைப் பொறுத்தவரை சி.டி. குருடுதான்.

பார்க்கின்சன் நோயைப் படத்தில் பிடிப்பதற்கான உண்மையான வழி வேதியியலில் இருந்து வந்தது; அதில் இந்திய மண்ணின் இரு செடிகளுக்கும் பங்குண்டு என்பது இங்கே சொல்லத் தகுந்தது. சர்ப்பகந்திச் செடியின் வேரிலிருந்து 1952இல் பிரித்தெடுத்த ரெசர்பின் என்ற பொருளைச் சுவீடனின் லுண்ட் நகரில் ஆர்விட் கார்ல்சன் முயல்களுக்குச் செலுத்தியபோது அவை அசைவற்று உறைந்தன. டோபா என்ற பொருளைக் கொடுத்ததும் எழுந்து நடமாடின. 1957இல் வெளிவந்த இந்தச் சோதனையைத் தொடர்ந்து, டோபாவிலிருந்து உருவாகும் டோபமைன் மூளையில் செய்தி கடத்தும் பொருள் என்பதும், மூளையின் ஆழத்தில் வரிகள் ஓடிய திரளாக உள்ள ஸ்ட்ரயேட்டம் என்ற பகுதியில் அது குவிந்திருக்கிறது என்பதும் தெளிவாயின. அந்த டோபாவைப் பூனைக்காலி விதையிலிருந்து பிரித்தெடுத்துச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தாமோதரனும் ராமசுவாமியும் 1937லேயே எழுதியிருந்தனர். மூளை நோயோடு அதற்குள்ள தொடர்பை அப்போது உலகில் எவரும் அறிந்திருக்கவில்லை. 1960இல் வியன்னாவின் ஓலெ ஹார்னிகேவிச், இறந்த நோயாளிகளின் ஸ்ட்ரயேட்டத்தைச் சோதனைக்குழாயில் இட்டு, டோபமைன் இருந்தால் இளஞ்சிவப்பாகும் கரைசலைச் சேர்த்தார். நோயற்றோரின் மூளைச்சாறு சிவந்தது. பார்க்கின்சன் நோயாளிகளின் மூளைச்சாறு ஏறத்தாழ நிறமற்றே நின்றது. கரும்பட்டையின் செல்கள் ஸ்ட்ரயேட்டத்துக்கு நீண்ட நார்களை அனுப்பி அங்கே டோபமைனைச் சுரக்கின்றன, செல்கள் அழிய அழியச் சுரப்பு வற்றுகிறது என்ற விளக்கம் உறுதிப்பட்டது. டோபாவின் ஒரு வடிவமான லெவோடோபா மருந்தாக ஆனதும் அதன் விளைவே.

சோதனைக்குழாயில் கண்ட அந்த நிறவேறுபாட்டை உயிருள்ளவரின் மூளையில் காண முடியுமா என்பது அடுத்த கேள்வி. 1983இல் கனடாவின் ஹாமில்டன் நகரிலுள்ள மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தின் கார்னெட், ஃபிர்னாவ், நாமியாஸ் ஆகியோர் டோபாவின் மூலக்கூறில் கதிரியக்கமுள்ள ஃப்ளூரின் அணு ஒன்றைச் சேர்த்து, அதை ஊசிவழி செலுத்தி, பெட் ஸ்கேன் எனப்படும் கருவியின் முன் மனிதரைக் கிடத்தினர். அணு சிதையும்போது வெளிப்படும் பாசிட்ரான் என்ற நுண்துகள் அருகிலுள்ள எலக்ட்ரானோடு மோதி மறைகிறது. அப்போது எதிரெதிர்த் திசையில் பாயும் இரு கதிர்களைக் கருவி பிடித்து, அவை எங்கிருந்து வந்தன என்று கணித்துப் படமாக்குகிறது. ஸ்ட்ரயேட்டம் இரு புறமும் ஒளிர்ந்தது. மனிதர் உயிரோடிருக்கையில் அவரது டோபமைனைக் கண்ட முதல் படங்கள் அவை. பார்க்கின்சன் நோயாளிகளிடம் அந்த ஒளி குன்றியிருந்தது. குன்றுவதிலும் ஓர் ஒழுங்கு இருந்தது: ஸ்ட்ரயேட்டத்தின் பின்பகுதியான புட்டாமென் முதலில் மங்கியது, முன்பகுதியான காடேட் பிற்பாடு மங்கியது. நோய் வெளிப்படும் முன்னரே இந்த இழப்பைக் காணலாம் என்பதும் இரண்டே ஆண்டில் தெரிந்தது. போதைப்பொருளில் கலந்திருந்த எம்.பி.டி.பி. என்ற நஞ்சால் கலிபோர்னியாவில் இளைஞர் சிலர் திடீரென உறைந்துபோன நிகழ்ச்சிக்குப் பின், அந்த நஞ்சுக்கு ஆளாகியும் அறிகுறி காட்டாதிருந்த நால்வரைப் படமெடுத்து, அவர்களின் டோபமைன் குறைந்திருப்பதை டொனால்ட் கால்னும் அவர் குழுவினரும் 1985இல் வெளியிட்டனர். ஆனால் அந்த ஃப்ளூரினின் அரை ஆயுள் ஏறத்தாழ 110 நிமிடமே; அதை உண்டாக்கும் சைக்ளோட்ரான் எந்திரம் அருகில் இருந்தாலொழியப் பயன்படுத்த முடியாது என்பதால் இந்தப் படம் பல ஆண்டுகள் ஆய்வுக்கூடத்தை விட்டு வெளியே வரவில்லை.

படத்தின் தேவை எவ்வளவு பெரியது என்பதை அளந்து காட்டிய ஆய்வு 1992இல் லண்டனிலிருந்து வந்தது. குயின் ஸ்கொயர் மூளை வங்கி, உயிரோடிருந்தபோது பார்க்கின்சன் நோயாளிகள் என்று நரம்பியல் மருத்துவர்கள் தீர்மானித்த 100 பேரின் மூளைகளை இறப்புக்குப் பின் ஆராய்ந்தது. 76 பேருக்கு மட்டுமே அந்நோய் இருந்தது. மீதமுள்ள 24 பேருக்குப் பி.எஸ்.பி., எம்.எஸ்.ஏ., ஆல்சைமர் நோய், இரத்தக்குழாய் நோய் எனப் பலவும் இருந்தன. தேர்ந்த மருத்துவர்கள் பல ஆண்டுகள் கவனித்த நோயாளிகளில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்குப் பெயர் தவறியிருந்தது என்பது வெறும் புள்ளிவிவரம் ஆகாது. பார்க்கின்சன் நோயில் லெவோடோபா ஆண்டுக்கணக்கில் உதவும், எம்.எஸ்.ஏ.யில் டோபமைனைப் பெற்றுக்கொள்ள வேண்டிய செல்களும் சேர்ந்து அழிவதால் மருந்து பெரும்பாலும் ஏமாற்றிவிடும். 1987 முதல் கிரெநோபிளில் பெனாபிட் வளர்த்தெடுத்த, மூளையின் ஆழத்தில் மின்முனை பொருத்தும் சிகிச்சை பார்க்கின்சன் நோயில் பெரும்பயன் தந்தது, பி.எஸ்.பி., எம்.எஸ்.ஏ. ஆகிய இரண்டிலும் அப்படித் தரவில்லை. எத்தனை ஆண்டு நடமாட முடியும், விழுவதை எப்படித் தடுப்பது, விழுங்குவது எப்போது கடினமாகும் என்று வீட்டார் கேட்கும் கேள்விகளுக்கெல்லாம் விடை நோயின் சரியான பெயரில் அடங்கியிருக்கிறது. அதனால்தான் இந்தப் பிரித்தறிதலை வெறும் வகைப்பாட்டு ஆர்வம் என்று ஒதுக்க முடியாது.

இதற்குள் எம்.ஆர்.ஐ. வந்திருந்தது. உடலின் நீரில் உள்ள ஹைட்ரஜன் அணுக்கருக்களை வலிய காந்தப்புலத்தில் நிறுத்தி, வானொலி அலையால் அசைத்து, அவை மீளும்போது எழுப்பும் குறிப்பலைகளைப் படமாக்கும் இம்முறைக்கு லாட்டர்பரும் மேன்ஸ்ஃபீல்டும் 2003இல் நோபல் பரிசு பெற்றனர். இயக்க நோய்களில் அது முதலில் காட்டியது இரும்பை. 1986இல் பர்ட்டன் டிரேயரும் உடன் உழைத்தோரும், பார்க்கின்சன் நோயினின்று வேறான சிதைவுகளில் புட்டாமென் வழக்கத்துக்கு மாறாகக் கருத்துத் தெரிவதைக் கண்டு, அங்கே இரும்பு மிகுந்து காந்தக் குறிப்பைக் குலைப்பதே காரணம் என்றனர். பின்னர் எம்.எஸ்.ஏ.யில் அந்தக் கருமையின் வெளிவிளிம்பில் வெண்கோடு ஒன்று ஓடுவதும், பான்ஸ் எனப்படும் மூளைப்பாலத்தின் குறுக்குநார்கள் அழிந்து அங்கே சிலுவை வடிவில் வெள்ளைக் கீற்று தோன்றுவதும் பதிவாயின. சிலுவைக் குறியிட்டு இங்கிலாந்தில் புனித வெள்ளியன்று சுடும் இனிப்பு ரொட்டியின் பெயரை அந்தக் கீற்றுக்கு இட்டார்கள். பி.எஸ்.பி.யிலோ, பக்கவாட்டில் பார்க்கும் படத்தில், நடுமூளை மெலிந்து மூளைப்பாலம் உருண்டே நிற்பதால், சிறு தலையும் நீண்ட அலகும் பருத்த உடலும் கொண்ட ஒரு பறவை போலத் தெரிகிறது. சிலர் அதை அமெரிக்கக் கண்டத்தின் ஓசனிச்சிட்டு என்றனர், சிலர் பென்குயின் என்றனர். செம்பு படியும் வில்சன் நோயில் நடுமூளையின் குறுக்குவெட்டுப் படம் பாண்டாக் கரடியின் முகமாகிறது. இப்பெயர்களை விளையாட்டென்று கருதுவது பிழை. ஆயிரக்கணக்கான படங்களைப் பார்க்கும் கதிரியல் மருத்துவரின் கண்ணில் ஒரு வடிவம் தங்குவதற்கு, அவர் ஏற்கெனவே அறிந்த ஒரு பொருளின் சாயல் வேண்டும். அப்படித் தங்கிய பாண்டா முகம், தகுந்த மருந்தால் காப்பாற்றத்தக்க இளம் நோயாளிகளை அடையாளம் காட்டிக்கொண்டிருக்கிறது.

சாயலை நம்பினால் ஒருவர் கண்ட பறவையை மற்றொருவர் காணாமற் போகலாம். ஆகவே அளவைக்குத் திரும்பினார்கள். 2005இல் ஜப்பானின் ஓபாவும் குழுவினரும், நடுக்கோட்டுப் படத்தில் நடுமூளையின் பரப்பை அளந்து, பி.எஸ்.பி. நோயாளிகளிடம் அது சராசரியாக 56 சதுர மில்லிமீட்டர், பார்க்கின்சன் நோயாளிகளிடம் 103, நோயற்றோரிடம் 117.7 என்று எழுதினர். 2008இல் இத்தாலியின் கட்டன்சாரோ நகரைச் சேர்ந்த குவாட்ரோனேயின் குழு இன்னும் நுட்பமான வழியைக் கண்டது. பி.எஸ்.பி.யில் நடுமூளையும், சிறுமூளையை அதனோடு இணைக்கும் மேற்காம்பும் தேய்கின்றன, எம்.எஸ்.ஏ.யில் மூளைப்பாலமும், சிறுமூளையின் நடுக்காம்பும் தேய்கின்றன. ஆகவே பாலத்தின் பரப்பை நடுமூளையின் பரப்பால் வகுத்து, நடுக்காம்பின் அகலத்தை மேற்காம்பின் அகலத்தால் வகுத்து, இரண்டையும் பெருக்கினால், ஒரு நோயில் மேலேறியும் மற்றொன்றில் கீழிறங்கியும் நிற்கும் ஒரே எண் கிடைக்கிறது. இரண்டு சிதைவுகளின் உடற்கூற்று நியதியை ஒரு பெருக்கல் கணக்குக்குள் அடக்கிய இந்த எளிமை பாராட்டத்தக்கது. ஆயினும் பிணக்கூறாய்வால் உறுதிப்பட்ட நோயாளிகளின் பழைய படங்களை மீண்டும் எடுத்துப் பார்த்த லண்டன் ஆய்வொன்று, பறவை வடிவம் தெரிந்தால் தீர்ப்பு நம்பத்தக்கது, தெரியாமற்போனாலோ நோய் இல்லையென்று சொல்ல முடியாது என்பதைக் காட்டியது. நோயின் தொடக்கத்தில், ஐயம் மிகுந்து படத்தின் உதவி மிகவும் வேண்டப்படும் அந்தக் காலத்தில்தான், சுருக்கம் இன்னும் கண்ணுக்குப் புலப்படுவதில்லை.

டோபமைன் படத்தை மருத்துவமனைக்குக் கொண்டுவந்தது வேறொரு மூலக்கூறு. நரம்பு முனைகளில், சுரந்த டோபமைனைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும் வாயில்போன்ற புரதம் ஒன்றுண்டு. கொக்கெயின் போதை தருவது அந்த வாயிலை அடைப்பதால். கொக்கெயினின் அமைப்பை ஒட்டிச் செய்த சேர்மத்தில், அரை ஆயுள் 13 மணி நேரமான அயோடின்-123 ஐச் சேர்த்தால், அதைத் தொலைவிலிருந்தும் வரவழைத்து, ஸ்பெக்ட் எனப்படும் எளிய கருவியில் படமெடுக்கலாம். டேட்ஸ்கேன் என்ற பெயரில் ஐரோப்பா 2000இலும், அமெரிக்கா 2011இலும் இதை ஏற்றன. நலமுள்ளவரின் ஸ்ட்ரயேட்டம் இதில் இரு காற்புள்ளிகளாக ஒளிரும். பார்க்கின்சன் நோயில் வால் அழிந்து முற்றுப்புள்ளிகளாகும். கையை நீட்டும்போதும் தம்ளரைப் பிடிக்கும்போதும் நடுங்கும், பல குடும்பங்களில் வழிவழியாக வரும் எசென்ஷியல் டிரெமர் என்ற நடுக்கத்தில் காற்புள்ளிகள் அப்படியே இருக்கும். ஆகவே ஷார்க்கோ கண்ணால் செய்த பிரித்தறிதலின் ஒரு பகுதி படத்தின் பொறுப்புக்கு வந்தது. சில மனநோய் மருந்துகளால் உண்டாகும் நடுக்கத்திலும் படம் பொதுவாக மாறாதிருப்பதால், மருந்தை மாற்றினால் போதும் என்று சொல்லத் துணிவு கிடைத்தது. ஆனால் இப்படம் ஒரு புதிரையும் எழுப்பியது. 2004இல் வெளிவந்த லெவோடோபா சோதனை ஒன்றில், பார்க்கின்சன் நோய் என்று உறுதியாகக் கருதிச் சேர்த்துப் படமெடுத்தவர்களில் ஏறத்தாழ ஏழில் ஒருவருக்கு டோபமைன் இழப்பே இல்லை. தொடர்ந்து கவனித்தபோது அவர்களுள் பலருக்கு இருந்தது தசைகள் முறுக்கிக்கொள்ளும் டிஸ்டோனியா போன்ற வேறு கோளாறுகள் என்று தெரியவந்தது. மறுபுறம், பார்க்கின்சன் நோய், எம்.எஸ்.ஏ., பி.எஸ்.பி. மூன்றிலுமே கரும்பட்டை அழிவதால் மூன்றிலும் காற்புள்ளி முற்றுப்புள்ளியாகிறது. அவற்றைத் தம்முள் பிரிக்க இப்படம் உதவுவதில்லை. இந்த எல்லையை அறியாமல் ‘டேட்ஸ்கேன் பார்க்கின்சனை உறுதிசெய்தது’ என்று எழுதும் அறிக்கைகள் நோயாளிக்குப் பொய்யான தெளிவைத் தருகின்றன.

அந்தப் பிரித்தறிதலுக்கு ஒரு வழி எதிர்பாராத இடத்தில், இதயத்தில், திறந்தது. பார்க்கின்சன் நோய் மூளையோடு நிற்பதில்லை; இதயத்துக்குச் செல்லும் தன்னியக்க நரம்புகளின் முனைகளும் அதில் அழிகின்றன. எம்.எஸ்.ஏ.யில் பாதிப்பு நரம்புப் பாதையின் மேற்பகுதியில் இருப்பதால் இதயத்தில் உள்ள முனைகள் பெரும்பாலும் தப்புகின்றன. இதய நோய்க்கென வழங்கிவந்த எம்.ஐ.பி.ஜி. என்ற கதிரியக்கப் பொருளைச் செலுத்தி மார்பைப் படமெடுத்தால், எம்.எஸ்.ஏ. நோயாளியின் இதயம் தெரியும், பார்க்கின்சன் நோயாளியின் இதயம் இருந்த இடம் வெறுமையாக இருக்கும். 1990களில் ஜப்பானிலும் ஜெர்மனியிலும் கண்ட இந்த உண்மை ஜப்பானில் அன்றாட மருத்துவமாகவே ஆகிவிட்டது. நீரிழிவும் மாரடைப்பும் அதே நரம்புகளைக் கெடுக்கும் என்பதால், அவை மிகுந்த நாடுகளில் இப்படத்தைக் கவனத்துடன் படிக்க வேண்டியிருக்கிறது.

1995இல் ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்கில் கியோர்க் பெக்கர் செய்ததும் அதே அளவு எதிர்பாராததே: மண்டையோட்டின் பொட்டுப் பகுதியில் எலும்பு மெலிந்த இடத்தின் வழியே அல்ட்ராசவுண்ட் ஒலியைச் செலுத்தி, பார்க்கின்சன் நோயாளிகளின் கரும்பட்டை பிரகாசமாக எதிரொலிப்பதைக் கண்டார். விலை குறைந்ததும் கதிரியக்கம் இல்லாததுமான இம்முறை, பொட்டெலும்பு தடித்தவர்களிடம் பயன்படுவதில்லை. நலமுள்ளவர் சிலரிடமும் அதே பிரகாசம் காணப்படுகிறது. எம்.ஆர்.ஐ.யும் பின்னர் கரும்பட்டையை எட்டியது. அதன் செல்கள் ஐந்து கொத்துகளாகத் திரண்டிருப்பதையும், பார்க்கின்சன் நோயில் அவற்றுள் முதற்கொத்து மிகுதியாக அழிவதையும் 1999இல் டாமியே முதலியோர் நுண்ணோக்கியில் கண்டிருந்தனர்; 2014இல், மேன்ஸ்ஃபீல்ட் உழைத்த அதே நாட்டிங்ஹாமிலிருந்து, மூன்று டெஸ்லா காந்தத்தில் எடுத்த படத்தில் அந்தக் கொத்து தகைவிலான் குருவியின் பிளந்த வால்போலத் தெரிவதாகவும், நோய் வந்தால் பிளவு மறைவதாகவும் செய்தி வந்தது. டேட்ஸ்கேனின் எல்லையே இதற்கும் எல்லை: பி.எஸ்.பி.யிலும் எம்.எஸ்.ஏ.யிலும் அந்த வால் மறைகிறது.

மூளை குளுக்கோஸை எரிக்கும் விதத்தைக் காட்டும் பெட் படம் வேறு நோக்கில் வந்தது. ஒரு பகுதியை மட்டும் பார்க்காமல், மூளை முழுவதும் எங்கே எரிப்பு கூடுகிறது, எங்கே குறைகிறது என்ற கோலத்தைக் கணிப்பொறி கற்றுக்கொள்கிறது; எம்.எஸ்.ஏ.யில் புட்டாமெனும் சிறுமூளையும், பி.எஸ்.பி.யில் நடுமூளையும் நெற்றிப்புறப் புறணியின் உட்பகுதியும் மங்குகின்றன, பார்க்கின்சன் நோயில் புட்டாமென் மங்குவதில்லை. நியூயார்க்கில் டேவிட் ஐடல்பெர்கின் குழு இம்முறையால் 167 நோயாளிகளைப் பிரித்தறிந்து 2010இல் வெளியிட்டது. புதுதில்லியின் அணுமருத்துவ நிறுவனமும் அக்குழுவோடு சேர்ந்து இந்திய நோயாளிகளிடம் அதைச் சோதித்தது.

இவை யாவும் நோய் விட்டுச்சென்ற அழிவைப் படமெடுத்தவை. அழிவை உண்டாக்கும் புரதத்தையே படமெடுக்க வேண்டும் என்ற எண்ணம் லெவி உருண்டைகளின் முக்கியப் பொருள் ஆல்ஃபா-சைனுக்ளின் என்று 1997இல் தெரியவந்தபின் பிறந்தது. எம்.எஸ்.ஏ.யில் அதே புரதம் நரம்புச் செல்களில் அல்லாமல் அவற்றைத் தாங்கும் செல்களில் படிகிறது, பி.எஸ்.பி.யில் படிவதோ டவ் என்ற வேறு புரதம். ஆகவே புரதத்தைக் கண்டால் பெயரையும் காணலாம். ஆல்சைமர் நோய்க்கெனச் செய்த டவ் சேர்மங்கள் பி.எஸ்.பி.யில் வேறு இலக்குகளிலும் ஒட்டிக்கொண்டு குழப்பின; பின்னர் வந்தவை ஓரளவு தேறின. சைனுக்ளினோ பல ஆண்டுகள் பிடி கொடுக்கவில்லை. 2023இல் வெளிவந்த ஆய்வொன்றில், அதில் ஒட்டும் ஒரு சேர்மம் எம்.எஸ்.ஏ. நோயாளிகளின் சிறுமூளை வெண்பகுதியில் தெளிவாக ஒளிர்ந்து, பார்க்கின்சன் நோயாளிகளிடமிருந்து அவர்களைப் பிரித்துக் காட்டியது. அந்த ஆய்வு நடந்த இடம் லுண்ட், கார்ல்சனின் முயல்கள் உறைந்து எழுந்த அதே நகரம். ஆனால் பார்க்கின்சன் நோயாளிகளின் கரும்பட்டை அந்தப் படத்தில் எதையும் தெளிவாகக் காட்டவில்லை; ட்ரெட்டியாகோஃப் அங்கே கண்ட உருண்டைகள் அவ்வளவு சிறியவை, அவ்வளவு அரிதாகச் சிதறிக் கிடப்பவை.